பதினைந்து டாலர் காலணி களத்தில் நின்றதா?

துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசியை மூட்டையின் வயிற்றில் ஏற்றி, ஒரு கைப்பிடி இழுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்த்து, நான்கு பருப்பை வாயில் போட்டுக் கடித்தும் பார்க்கிறோம். வெல்லத்தைக் கிள்ளிச் சுவைக்கிறோம். நல்லெண்ணெயைப் புறங்கையில் தேய்த்து முகர்கிறோம். மிளகாய் வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கிச் சத்தம் கேட்கிறோம். இதெல்லாம் யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததல்ல. தகப்பனார் காலத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பழகியது. ஆனால் அதே கடையில், அதே கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் தட்டில், பெட்டி பிரிக்காமலேயே விற்றுவிடுகிற சரக்குகளும் இருக்கின்றன. அப்படி விற்ற சரக்கு ஒன்றினால் நாம் பட்ட அவமானத்தையும், அதன் பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு செய்தியையும் வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

மளிகையோடு பள்ளிச் சாமான்களும் வைத்து நடத்தும் கடை நம்முடையது. மே மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில் இவற்றோடு காலணியும் வாங்கிப் போடுவது வழக்கம். 2022-ஆம் ஆண்டு ஒரு மொத்த வியாபாரி, ‘கூடைப்பந்து ஷூ’ என்று பெட்டியில் அச்சடித்த சரக்கு ஒன்றைக் காட்டினார். பளபளப்பான சிவப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறிய கழுத்து, பக்கவாட்டில் மின்னல் போல ஒரு கோடு. பார்த்தால் ஆறாயிரம் ரூபாய்ப் பொருள் போல இருந்தது. நமக்கு அடக்கம் 310 ரூபாய், விற்பது 450. இருபது ஜோடி எடுத்தோம். பதினைந்தே நாளில் பதினேழு ஜோடி போய்விட்டது. கை நன்றாக ஓடிய மகிழ்ச்சியில் இன்னும் இருபது ஜோடிக்குச் சொல்லலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டம் நெருக்கியடிக்கும் நேரத்தில், ஒரு தாயார் தம் மகனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவன். கணுக்காலில் கட்டு. தாயார் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காலணியை எடுத்து மேசைமேல் வைத்தார். இடப்பக்கச் சோல் முன்பாதியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பையன் பந்தோடு ஓடி வந்து சட்டென்று திரும்பியிருக்கிறான். கால் திரும்பியது, சோல் திரும்பவில்லை. அந்த அம்மா சத்தம் போடவில்லை. நிதானமாகக் கேட்டார்: “அண்ணாச்சி, இத உங்க பையனுக்குப் போட்டு வெளயாட விடுவீயளா?”

பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வைத்தியச் செலவுக்கும் கொஞ்சம் கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார். சுற்றி நின்ற வாடிக்கையாளர்கள் அனைவரும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். மொத்த வியாபாரியிடம் சொன்னபோது, “450 ரூபாய் ஷூவுக்கு வேற என்ன எதிர்பாக்குறீங்க? இது நடக்கறதுக்குத்தான், ஆடறதுக்கு இல்ல” என்றார். பெட்டியில் கூடைப்பந்து என்று போட்டிருக்கிறதே என்றால், அது டிசைனுக்காக என்கிறார்!

மலிவு என்றால் இப்படித்தான் இருக்கும், நல்ல பொருள் வேண்டுமென்றால் ஆறாயிரம் கொடுக்கட்டும் என்று நம் நண்பர்கள் சிலர் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் நமக்குப் பிடிக்கவில்லை. 450 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாத தகப்பனின் பிள்ளை ஆடவே கூடாது என்பதுதானே அதன் பொருள்? மலிவான காலணி ஆடுகளத்தில் நிற்க முடியுமா, முடியாதா? அதை யாராவது உண்மையாகச் சோதித்துப் பார்த்தது உண்டா? இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் அமெரிக்காவில் 2006-இல் நடந்த ஒரு சம்பவம் கண்ணில் பட்டது.

ஸ்டீபன் மார்பரி என்று ஒரு கூடைப்பந்து வீரர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கோனி ஐலண்ட் என்ற கடற்கரைப் பேட்டையில் பிறந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகள். 1996-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, 2004 முதல் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு ஆடினார். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் சம்பளம். தொடக்கத்தில் அவரும் மற்றவர்களைப் போல ‘ஆண்ட் ஒன்’ என்ற காலணி நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்தான்.

அந்த நாட்டில் கூடைப்பந்துக் காலணி என்பது வெறும் காலணியல்ல. 1985-இல் மைக்கேல் ஜோர்டன் பெயரில் நைக்கி நிறுவனம் காலணி விற்கத் தொடங்கியதிலிருந்து அது ஏழைச் சிறுவர்களின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. 1989-இல் மேரிலாந்து மாநிலத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் காலில் போட்டிருந்த காலணிக்காகவே கொல்லப்பட்டான். மறு ஆண்டு மே மாதம் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ வார இதழ் இதையே அட்டைப்படச் செய்தியாகப் போட்டது. அதன் பிறகும் விலை இறங்கவில்லை. 2006 வாக்கில் பெயர்பெற்ற வீரர்களின் காலணிகளில் 150 டாலரும் அதற்கு மேலும் விலை வைத்தவை இருந்தன.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் மார்பரி தம் பெயரில் ஒரு காலணியைக் கொண்டுவந்தார். பெயர் ‘ஸ்டார்பரி ஒன்’. விலை 14 டாலர் 98 சென்ட். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 700 ரூபாய். ‘ஸ்டீவ் அண்ட் பாரீஸ்’ என்ற கடைகளில் மட்டும் கிடைக்கும். 1985-இல் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு மலிவு பனியன் விற்கும் கடையாக ஆரம்பித்துப் பெருகிய நிறுவனம் அது.

மலிவு விலைக்குப் பெயரை வாடகைக்கு விட்ட வீரர்கள் அவருக்கு முன்பும் உண்டு. 1990-களில் ஹக்கீம் ஒலாஜுவான் 35 டாலருக்குள் விற்ற ஸ்பால்டிங் காலணிக்குத் தம் பெயரைத் தந்தார். ஷாக்கில் ஓ’நீலும் மலிவுக் கடைகளுக்கென்று தனிக் காலணி வைத்திருந்தார். மார்பரியின் செயலில் நம்மைக் கவர்ந்தது விலையல்ல. 2006-07 ஆட்டப் பருவம் தொடங்கியதும் அந்தப் பதினைந்து டாலர் காலணியைத் தம் காலில் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாரே, அதுதான். காலை நம்பிப் பிழைப்பவர் அவர். கணுக்கால் போனால் கோடிகள் போகும். மொத்த வியாபாரி தான் விற்கும் பருப்பைத் தன் வீட்டு உலையில் போட்டுக் காட்டுவது போன்றது இது.

கூடைப்பந்து ஆடுபவனின் கால் என்ன பாடுபடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இது தெரியாமல்தான் நாமே நடைக்கான சரக்கை ஆட்டத்துக்கு விற்றோம்.

ஓட்டப் பந்தயக்காரன் முன்னால் மட்டும் ஓடுகிறான். கூடைப்பந்து ஆடுபவன் நான்கு திசையும் ஓடுகிறான். முழு வேகத்தில் வந்து ஒரே அடியில் நிற்க வேண்டும். நின்ற காலை ஊன்றி மறுபக்கம் பாய வேண்டும். அப்போது உடல் எடை முழுவதும் பாதத்தின் வெளி ஓரத்தைத் தள்ளுகிறது. காலணியின் மேல்பாகம் பாதத்தை இறுகப் பிடித்திருக்காவிட்டால் கால் சோலைத் தாண்டி வெளியே வழிந்துவிடும். சோலின் ஒட்டு பலமில்லாவிட்டால் அங்கேதான் பிளக்கும். நம் கடைக்கு வந்த பையனுக்கு நேர்ந்தது இதுவே.

அடுத்தது பிடிமானம். தொழில்முறை ஆட்டம் மேப்பிள் மரப்பலகைத் தரையில் நடக்கிறது. அதில் தூசு படிந்தால் நல்ல ரப்பரும் வழுக்கும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் அடிக்கடி உள்ளங்கையால் சோலைத் துடைத்துக் கொள்வதைத் தொலைக்காட்சியில் காண்கிறோம். வளைந்து வளைந்து செல்லும் மீன்முள் போன்ற வரிகள் எந்தத் திசையில் நின்றாலும் பிடிக்கும் என்பதால் அந்த வடிவத்தைப் பல காலமாகப் போடுகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் சிமெண்டுத் தளம். அங்கே சிக்கல் வேறு. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உப்புத்தாளில் தேய்த்தது போல விரைவில் கரைந்துவிடும். கெட்டி ரப்பர் ஆறு மாதம் உழைக்கும், ஆனால் மணல் கிடந்தால் சறுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் செய்பவனின் கைத்திறன் இருக்கிறது. அதற்கு அதிகப் பணம் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, குதித்து இறங்கும்போது தாங்கும் மெத்தை. பந்தை எடுக்க எம்பிக் குதிப்பவன் தன் எடையைப் போலப் பல மடங்கு வேகத்தோடு தரையில் மோதுகிறான். ஈ.வி.ஏ. என்ற ஃபோமைத்தான் இதற்குப் பெரும்பாலும் வைக்கிறார்கள். மலிவான பொருள், எடை குறைவு, செய்வதற்கும் எளிது. குறை என்னவென்றால் மாதக்கணக்கில் மிதிபட்டால் அழுந்தித் தட்டையாகிவிடும். விலையுயர்ந்த காலணிகளில் இதற்குப் பதிலாகக் காற்றுப் பைகளும் பசைப் பொருள்களும் வைத்து, அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் சூட்டுகிறார்கள். விலையில் ஒரு பகுதி அந்தப் பெயர்களுக்குப் போகிறது.

மார்பரி அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றில் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினாறு புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். அவர் அணி தோற்றவை வென்றவற்றைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காலணியைக் குற்றம் சொன்னவர் எவரும் இல்லை. கேலி செய்தவர்கள் உண்டு. கடையில் விற்பது வேறு, அவர் காலில் போடுவது தனியாகத் தைத்தது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றே என்று அவரும் நிறுவனமும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு வியாபாரி என்ற முறையில் இந்தச் சந்தேகம் நமக்கு நியாயமாகவே படுகிறது. மாதிரி ஒன்று, மூட்டை ஒன்று என்பதை நாம் பார்க்காததா?

2007-இல் பென் வாலஸ் என்ற வீரரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். தற்காப்பு ஆட்டத்தில் ஆண்டின் சிறந்த வீரர் என்ற விருதை நான்கு முறை வாங்கியவர். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆசாமி, அவர் ஆட்டமே எம்பிக் குதித்துப் பந்தைப் பறிப்பதுதான். மார்பரி வேகமாகத் திரும்பும் ஆட்டக்காரர், வாலஸ் பாரமாக இறங்கும் ஆட்டக்காரர். இருவரும் ஒரே வரிசைக் காலணியை நம்பி இறங்கினார்கள் என்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இதற்காக அதை உலகின் சிறந்த காலணி என்று சொல்ல வரவில்லை. தொழில்முறை வீரர் நினைத்தபோது புதுச் ஜோடி மாட்டிக்கொள்ளலாம். நம் பையன் ஒரே ஜோடியை ஜூன் முதல் ஏப்ரல் வரை இழுக்க வேண்டும். ஆகவே மார்பரியின் சோதனை, ‘இந்த விலையில் செய்த காலணி உயர்ந்த ஆட்டத்தின் வேகத்தைத் தாங்குமா’ என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ‘எத்தனை மாதம் தாங்கும்’ என்பதற்குப் பதில் சொல்லவில்லை.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா என்பதை ஆராய்ச்சியாளர்கள் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். 1993-இல் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் கல்லூரி மாணவர்கள் 622 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குக் கழுத்து உயர்ந்த காலணி, சிலருக்குக் காற்றடைத்து இறுக்கும் உயர்ந்த காலணி, சிலருக்குத் தாழ்ந்த காலணி. கணுக்கால் சுளுக்கில் மூன்று கூட்டத்துக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2001-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டப் பங்கேற்புகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு மறுபடி சுளுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. அது நாம் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் குதிகாலில் காற்றறை வைத்த காலணி போட்டவர்களுக்கும் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சுளுக்கு ஏற்பட்டிருந்தது! ஆட்டத்துக்கு முன் உடலை நீட்டிப் பயிற்சி செய்யாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அதற்குக் காசே தேவையில்லை.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் செய்து 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வு ஓட்டக் காலணிகளைப் பற்றியது. மூன்று விலைகளில் காலணிகளை எடுத்து, பாதத்தின் அடியில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். விலை குறைந்ததும் நடுத்தரமானதும், விலை கூடியதற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ அழுத்தத்தைத் தாங்கின. அவர்கள் எடுத்துக்கொண்ட மலிவு விலையே 40 பவுண்டு, நம் 450 ரூபாய் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு காற்றறை எல்லாம் மோசம் என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. ஆனால் விலைச் சீட்டைப் பார்த்துக் கணுக்காலுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

இதற்குப் படம் போல ஒரு காட்சி 2019 பிப்ரவரி 20 அன்று நடந்தது. டியூக் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய ஸயன் வில்லியம்சன், வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே இடது காலை ஊன்றித் திரும்பினார். நைக்கி காலணி கிழிந்து பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்காலில் சுளுக்கு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமா அரங்கில் அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் பங்குச் சந்தையில் அந்நிறுவனத்தின் பங்கு விலை ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கியது. வில்லியம்சனின் எடை அசாதாரணமானது, இப்படி நடப்பதும் அபூர்வம். இருந்தாலும், அந்தச் செய்தியைப் படித்தபோது நம் கடையில் சோல் பிளந்து நின்ற சிவப்புக் காலணிதான் நினைவுக்கு வந்தது.

பதினைந்து டாலருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பது வியாபாரிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி. மார்பரி முன்பணம் எதுவும் வாங்கவில்லை, விற்பனையில் பங்கு மட்டும் என்று ஏற்பாடு. தொலைக்காட்சி விளம்பரம் என்ற பேச்சே இல்லை. இடையில் வேறு கடைக்காரர் இல்லை. காலணி சீனாவில் தைக்கப்பட்டது, அன்று விலையுயர்ந்த காலணிகளில் பெரும்பாலானவையும் ஆசியத் தொழிற்சாலைகளில் இருந்துதான் வந்தன. ஆக, காலணிக்குள் போகும் காசில் கை வைக்காமல், அதைச் சுற்றியிருக்கும் செலவில் கை வைத்தார்கள். நம்முடைய சிவப்புக் காலணியில் நடந்தது நேர் மாறு. மின்னல் கோட்டுக்கும் பளபளப்புப் பெட்டிக்கும் செலவு செய்துவிட்டு ஒட்டுப் பசையில் மிச்சம் பிடித்தார்கள். இரண்டுக்கும் பெயர் மலிவுதான். விலைப் பட்டியலைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

அந்தக் கடையும் பிழைக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. 2008 ஜூலையில் ‘ஸ்டீவ் அண்ட் பாரீஸ்’ நீதிமன்றத்தில் திவால் மனுப் போட்டது. அப்போது 39 மாநிலங்களில் 276 கடைகள். வேறொருவர் வாங்கி நடத்திப் பார்த்தும் முடியாமல் 2009 தொடக்கத்துக்குள் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. ‘பார்த்தீர்களா, பதினைந்து டாலருக்கு விற்றால் இதுதான் கதி’ என்று சொல்பவர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். காலியாகக் கிடந்த பெரிய வணிக வளாகங்களில் கடை போடுவதற்காகக் கட்டட உரிமையாளர்கள் முன்பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை நம்பியே நிறுவனம் கடைமேல் கடை திறந்தது. புதுக் கடை திறந்தால்தான் கையில் ரொக்கம் புரளும் என்ற நிலை. 2008-இல் கடன் சந்தை இறுகியதும் ஓட்டம் நின்றது. சரக்கு விற்ற லாபத்தில் நடக்காமல் கட்டடக்காரன் கொடுத்த பணத்தில் நடந்த கடை அது. இதில் காலணியின் தப்பு எங்கே இருக்கிறது?

மார்பரி 2010-இல் சீனா போனார். பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அங்கே அவருக்குச் சிலையே வைத்தார்கள். தம் காலணிப் பெயரையும் அவர் விட்டுவிடவில்லை.

இன்னோர் பழைய கதையையும் சொல்லிவிடத் தோன்றுகிறது. இன்று ஃபேஷனுக்காகப் போடும் கான்வர்ஸ் கான்வாஸ் காலணி 1917-இல் கூடைப்பந்துக்கென்றே வந்தது. அதை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்த சக் டெய்லர் ஒரு விற்பனையாளர். தாமே ஆடத் தெரிந்தவர். ஊர் ஊராகக் காரில் போய்ப் பள்ளிகளில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்து, உள்ளூர்க் கடைக்காரருக்குச் சரக்கைப் போட்டுவிட்டு வருவார். 1960-கள் வரை தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் அந்தத் துணிக் காலணியைப் போட்டுத்தான் ஆடினார்கள். விற்பவனே ஆடிக் காட்டியது அன்று ஒரு சாதாரண வழக்கமாக இருந்திருக்கிறது.

நமக்கு ஆடத் தெரியாது, அந்த வயதும் இல்லை. அதற்காகப் பெட்டியில் போட்ட எழுத்தை நம்பி விற்க வேண்டும் என்றில்லை. கடையிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகள் உண்டு. காலணியை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிப் பார்க்கிறோம். நடுப்பகுதி துவண்டு சுருண்டால் அது ஆட்டத்துக்கு ஆகாது. மூக்கை மேல்நோக்கி அழுத்தினால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், பாதத்தின் நடுவில் மடிந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். குதிகாலைச் சுற்றி வரும் சுவரைக் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே சரியக் கூடாது. சோல் ஓரத்தில் நகத்தை நுழைத்துப் பார்த்தால் ஒட்டின் யோக்கியதை தெரிந்துவிடும், முன்பக்கத்தில் ஒட்டோடு தையலும் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே கையை விட்டால் தையல் முடிச்சு குத்தக் கூடாது. இந்த அளவுக்குப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 2024 ஆகஸ்டு 1 அன்று நம் நாட்டில் காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, இனி முத்திரை பார்த்தால் போதுமே என்றார் ஒரு நண்பர். முத்திரையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ‘ஆடுவதற்கா, நடப்பதற்கா’ என்று அந்தத் தாயார் கேட்டால் நாம்தானே பதில் சொல்ல வேண்டும்?

‘அவ்வளவு பார்த்தால் வியாபாரம் செய்ய முடியாது, 450 ரூபாய்க்கு வாங்குபவர் கேள்வி கேட்பதில்லை’ என்கிறார்கள். கேட்பதில்லை என்பது உண்மைதான். அடுத்த முறை கடைக்கு வராமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். அந்தச் சிவப்புக் காலணி வாங்கிய பதினேழு குடும்பங்களில் நம்மிடம் திரும்பி வந்து சொன்னது ஒரே குடும்பம். மற்றவர்கள் மளிகையும் வேறு கடையில் வாங்கத் தொடங்கியிருந்தால் அது நமக்கு எந்தக் கணக்கில் தெரியும்? மிச்சமிருந்த மூன்று ஜோடியை விற்காமல் ஒதுக்கி வைத்தோம். ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது குதிகாலுக்குள் ஃபோமுக்குப் பதிலாக அட்டை இருந்தது.

இப்போது வேறு ஏற்பாடு செய்திருக்கிறோம். மொத்த வியாபாரி புதுச் சரக்கு காட்டினால் முதலில் ஒரே ஜோடி. பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்து, அணியில் அந்த அளவு கால் உள்ள பையன் யாராவது ஒரு மாதம் பயிற்சியில் போட்டு ஆடட்டும் என்கிறோம். பையனுக்குக் காலணி இலவசம். ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிக்கிறார், ஓரத்தில் ஒட்டு விட்டால் அன்றைக்கே கழற்றச் சொல்லிவிடுகிறார். போகும் செலவு ஒரு ஜோடியின் அடக்க விலை, நம் கடையில் ஒரு நாள் கிழியும் பேப்பர்ப் பைக்கு ஆகும் காசு. இதற்கு ஒத்துக்கொள்ளாத வியாபாரிகளும் உண்டு. “ஒரு ஜோடியெல்லாம் குடுக்க முடியாது அண்ணாச்சி” என்று பையை மூடிக்கொண்டு போனவர்களை நாம் திரும்பக் கூப்பிடவில்லை.

சென்ற ஆண்டு இப்படி மூன்று வகைகளைச் சோதித்தோம். ஒன்று பன்னிரண்டாம் நாள் இடது ஓரத்தில் பிரிந்தது. இன்னொன்று பிரியவில்லை, ஆனால் மணல் கிடந்த சிமெண்டுத் தளத்தில் வழுக்குகிறது என்று பையனே சொல்லிவிட்டான். மூன்றாவது, பார்ப்பதற்கு மங்கலான நீலம், மின்னல் கோடு எதுவும் கிடையாது. விலை 680 ரூபாய். ஒரு மாதம் கழித்து விளையாட்டு ஆசிரியர் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். குதிகால் ரப்பர் நெல்மணி அளவு தேய்ந்திருந்தது. ஒட்டு அப்படியே இருந்தது. பன்னிரண்டு ஜோடிக்குச் சொன்னோம்.